கோபாலுக்கு எத்தனை தாய்?

கணினித் துறைப் பெண்களைப் பற்றி மார்ச் 8ஆம் தேதியையொட்டி வெளிவரும் கட்டுரைகளில் கிரேஸ் ஹாப்பரின் பெயர் தவறாமல் இருக்கும். கடற்படைச் சீருடையும் தொப்பியும் அணிந்த அந்த முதியவரின் படத்துக்குக் கீழே 'கோபாலின் தாய்' என்று எழுதியிருப்பார்கள். கோபால் இங்கே ஆளின் பெயரல்ல, ஒரு கணினி மொழி. 'வணிகத்துக்கான பொது மொழி' என்ற பொருளுடைய ஆங்கிலத் தொடரைச் சுருக்கி வைத்த பெயர், சென்னைக் கணினி வகுப்புகளில் எங்கள் வாயில் கோபால் ஆகிவிட்டது. தொண்ணூறுகளில் அதைப் படித்த பெண்களைக் கேட்டுப்பாருங்கள், 'கோபாலோட எத்தனை வருஷம்?' என்ற கேலியைக் கேட்டிருப்பார்கள்.

அந்தத் 'தாய்' பட்டத்தில் எனக்கு இரண்டு சங்கடங்கள். கோபாலை உருவாக்கிய மேசையைச் சுற்றி வேறு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள், பட்டம் அவர்களை மறைத்துவிடுகிறது. அதோடு, ஒரு மொழி 'பிறந்தது' என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் அது எதற்காக வேண்டியிருந்தது என்பது காணாமல்போகிறது. ஓர் இயந்திரத்தில் ஓடும் நிரலை இன்னோர் இயந்திரத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை என்ற தவிப்பிலிருந்து வந்த மொழி அது. இப்படிக் கொண்டுபோவதைத் துறையில் 'போர்ட் பண்றது' என்போம். வீடு மாற்றுவதைப் போன்ற வேலை. மூட்டை கட்டுவது, எதையும் விட்டுவிடாமல் எடுத்துப்போவது, போன இடத்தில் எல்லாம் முன்புபோல நடக்கிறதா என்று பார்ப்பது. வீடுகளிலும் இந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று கைப்பேசியை மாற்றினால் படங்களும் எண்களும் நம் பின்னாலேயே வந்துவிடுகின்றன. 1950களில் ஒரு நிறுவனம் கணினியை மாற்றினால் பழைய நிரல்கள் அத்தனையும் செத்துவிடும். இயந்திரத்துக்கு இயந்திரம் கட்டளை எண்கள் வேறு, எண்களை வைத்துக்கொள்ளும் முறை வேறு, எழுத்துகளுக்குக் கொடுக்கும் குறியீடு வேறு. 1959இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையிடம் 225 கணினிகள் இருந்தன, மேலும் 175க்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள். அவற்றில் ஓடும் நிரல்களை எழுத மட்டும் 20 கோடி டாலருக்கு மேல் செலவாகியிருந்தது. அந்த ஆண்டின் ஒரு கணக்கெடுப்புப்படி, சராசரியாக ஓர் இடத்தில் நிரல் எழுத 8 லட்சம் டாலர் ஆனது. அதே நிரல்களைப் புது இயந்திரத்துக்கு மாற்ற 6 லட்சம் டாலர். வீடு மாற்றுகிற செலவு வீடு கட்டுகிற செலவில் முக்கால் பங்கு!

இந்தத் தவிப்பை முதலில் உணர்ந்தவர்கள் நிரலாளர்கள். அவர்களில் பலர் பெண்கள். இயந்திரம் செய்வது ஆண்களுக்குரிய பொறியியல், அதற்குக் கட்டளை எழுதுவது குமாஸ்தா வேலை என்று அன்றைக்கு நினைத்தார்கள். 1945இல் எனியாக் கணினிக்கு நிரல் அமைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு பேரும் பெண்கள். அவர்களில் ஒருவர் பெட்டி ஸ்னைடர், மணமானபின் பெட்டி ஹோல்பர்ட்டன். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் கணக்குப் படிக்கப் போன முதல் நாளே, வீட்டில் பிள்ளை வளர்த்துக்கொண்டு இருக்கலாமே என்று பேராசிரியர் கேட்டாராம். பெட்டி இதழியலுக்கு மாறிவிட்டார். போர் வந்து ஆண்களை அழைத்துக்கொண்டு போனதால்தான் கணக்கு அவரைத் திரும்ப அழைத்தது.

யூனிவாக் கணினிக்கான கட்டளைத் தொகுதியில், மனிதர் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய எழுத்துகளைக் கொண்டுவந்ததில் ஹோல்பர்ட்டனுக்குப் பெரும் பங்கு உண்டு. 1950களின் தொடக்கத்தில் அவர் எழுதிய இன்னொன்று இன்னும் முக்கியமானது. தரவுகளை வரிசைப்படுத்தும் நிரலை எழுதித்தரும் நிரல் அது. தரவு எப்படிப்பட்டது என்று விவரம் சொன்னால் போதும், அதற்கேற்ற நிரலை இயந்திரமே உண்டாக்கிவிடும். நிரலை மனிதர்தான் எழுத வேண்டுமென்பதில்லை என்ற எண்ணம் தனக்கு உறைத்தது இதைப் பார்த்துத்தான் என்று ஹாப்பர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். 'தாய்' என்று நாம் கொண்டாடுபவரே இன்னொரு பெண்ணைக் கைகாட்டுகிறார்.

ஹாப்பரின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1906இல் பிறந்தவர். 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணக்கில் முனைவர் பட்டம் வாங்கி, வாஸர் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். போர்க்காலத்தில் கடற்படையில் சேர்ந்து 1944இல் ஹார்வர்டின் மார்க்-1 இயந்திரத்துக்கு வந்தார். அங்கே நிரலாளர்கள் நன்றாக ஓடிய துண்டு நிரல்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்வார்கள். வேண்டும்போது ஒருவர் நோட்டிலிருந்து இன்னொருவர் கையால் பார்த்து எழுதுவார். பார்த்து எழுதும்போது ஓர் எழுத்து எண்ணாகத் தெரியும், கூட்டலில் ஒன்று பிசகும். மனிதர்களுக்குப் பார்த்து எழுதவும் வராது, கூட்டவும் வராது என்பது ஹாப்பரின் முடிவு. அந்த இரண்டு வேலையையும் இயந்திரத்திடமே விட்டுவிடலாமே? 1952இல் யூனிவாக்கில் அவர் ஓட்டிய ஏ-0, நாடாவில் சேர்த்துவைத்த துண்டு நிரல்களை எடுத்து, முகவரிகளைச் சரிசெய்து, கோத்துத் தந்தது. அதற்குக் கம்பைலர் என்று பெயர் வைத்தார். தமிழில் தொகுப்பி. இன்று கம்பைலர் என்றால் மனிதர் எழுதும் மொழியை இயந்திரக் கட்டளையாக மாற்றுவது. ஏ-0 அந்த அளவு இல்லை. ஆனால் 'தொகுப்பி' என்ற தமிழ்ச்சொல் இன்றைய கம்பைலரைவிட அந்த முதல் கம்பைலருக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது.

அடுத்து, கணக்குக் குறிகளைக் கண்டாலே மிரளும் அலுவலகக்காரர்களுக்காக ஆங்கிலச் சொற்களில் நிரல் எழுதும் மொழி ஒன்றைக் கொண்டுவர நினைத்தார். அதுதான் பிற்பாடு ஃப்ளோ-மேட்டிக் ஆனது. மேலிடத்துக்குக் காட்ட ஒரு சிறிய நிரலை ஆங்கிலத்தில் எழுதி, அதையே பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதிக்கொண்டு போனார். இயந்திரத்துக்கு எல்லாம் வெறும் குறிகள்தான், எந்த மொழிச் சொல்லாக இருந்தால் என்ன என்று புரியவைப்பதற்காக. பிலடெல்பியாவில் செய்த அமெரிக்க இயந்திரம் அன்னிய மொழியைப் புரிந்துகொள்வதா என்று மேலிடம் பதறிப்போனதாம். அதன்பின் ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கெஞ்ச வேண்டியிருந்தது என்று அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். நம்மூரில் 'எழில்' போலத் தமிழ்ச் சொற்களில் நிரல் எழுதும் மொழி வந்தபோது, தமிழில் எல்லாம் முடியுமா என்று கேட்டவர்களை நினைத்துக்கொண்டேன்.

ஃப்ளோ-மேட்டிக்கும் யூனிவாக் வீட்டுப் பிள்ளைதான். ஐபிஎம் தனக்கென்று ஒரு மொழி வைத்துக்கொள்ளப் போனது, ஹனிவெல் இன்னொன்று. எல்லா இயந்திரத்துக்கும் ஒரே மொழி வேண்டும் என்ற பேச்சை 1959இல் கிளப்பியவர் மேரி ஹாஸ், பரோஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கோபாலின் கதையை இவரிடமிருந்து தொடங்குவதுதான் நியாயம். அவருடைய முயற்சியால் ஏப்ரல் 8 அன்று பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. ஹாப்பரும் அதில் இருந்தார். போட்டி நிறுவனங்களைக் கூட்டிவைக்க யாரால் முடியும் என்று யோசித்துப் பாதுகாப்புத் துறையிடம் போனார்கள். மே 28, 29 தேதிகளில் பெண்டகனில் சுமார் 40 பேர் கூடினார்கள். குழுக்கள் அமைந்தன. கணினி உற்பத்தியாளர்கள் ஆறு பேரும் அரசு அமைப்புகள் மூன்றும் அடங்கிய 'குறுகியகாலக் குழு'வுக்கு, இருக்கும் மொழிகளைப் பரிசீலித்துத் தற்காலிகமாக ஒன்றைச் சொல்லும் வேலை. நிலையான மொழியைப் பிறகு வேறொரு குழு செய்துகொள்ளும் என்பது திட்டம். தற்காலிகம் என்று சொன்ன அந்தக் கொட்டகைதான் அறுபது வருஷத்துக்கு மேலாக நிற்கிறது.

பெரிய குழுக்களில் வழக்கமாக நடப்பதுதான் இங்கும் நடந்தது. கடைசியில் ஆறு பேர் மட்டும் 1959 நவம்பரில் நியூயார்க்கில் ஒரு விடுதியில் இரண்டு வாரம் உட்கார்ந்து இராப்பகலாக மொழியின் விதிகளை எழுதி முடித்தார்கள். ஆர்சிஏவிலிருந்து ஹோவர்ட் பிராம்பெர்க், ஹோவர்ட் டிஸ்கவுண்ட். ஐபிஎம்மிலிருந்து வில்லியம் செல்டன், கெர்ட்ரூட் டியர்னி. சில்வேனியாவிலிருந்து வெர்னன் ரீவ்ஸ், ஜீன் சாமெட். ஆறில் இரண்டு பெண்கள். இவர்கள் சேர்ந்திருந்த பெரிய குழுவில் கடற்படை ஆய்வகத்தின் சார்பில் பெட்டி ஹோல்பர்ட்டனும் இருந்தார்.

கிரேஸ் ஹாப்பர் அந்த ஆறு பேரில் இல்லை. குறுகியகாலக் குழுவிலும் இல்லை. மேல்குழுவுக்கு ஆலோசகராக இருந்தார்.

இதைச் சொல்லிக்கொண்டே இருந்தவர் ஜீன் சாமெட். 1928இல் நியூயார்க்கில் பிறந்தவர். கணக்கில் கெட்டி. ஆனால் பிராங்க்ஸ் அறிவியல் பள்ளி அப்போது பெண்களைச் சேர்க்கவில்லை என்பதால் அங்கே படிக்க முடியவில்லை. 1958இல் சில்வேனியாவுக்குப் போய், ராணுவத்துக்கான மோபிடிக் கணினியின் மென்பொருளுக்குப் பொறுப்பேற்றார். பின்னர் ஐபிஎம். கணினி மொழிகளின் வரலாற்றை 1969இல் பெரிய புத்தகமாக எழுதியவர். 1974இல் கணினியாளர் சங்கமான ஏசிஎம்முக்குத் தலைவரான முதல் பெண். ஹாப்பர் 1992 ஜனவரி 1 அன்று காலமானபோது சாமெட் எழுதிய அஞ்சலியில் அன்பும் மரியாதையும் நிறையவே இருந்தன. கூடவே, ஹாப்பர் கோபாலின் தாயுமல்ல, அதை உருவாக்கியவருமல்ல என்பதையும் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஃப்ளோ-மேட்டிக் மூலம் வழி காட்டியதும், மேலிடங்களை இணங்கவைத்ததுமே ஹாப்பரின் பங்கு என்றார். அஞ்சலியில் போய்க் கணக்குத் தீர்க்கிறாரே என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருக்கிறது. பெண்களுக்கு வரலாற்றில் ஒரே ஒரு நாற்காலிதான் போடுவார்கள், அதில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் எழுந்து நிற்க வேண்டும். சாமெட் நிற்க மறுத்தார். கண்ணனுக்கே தேவகி, யசோதை என்று இரண்டு பேரை ஏற்றுக்கொண்ட நமக்கு, கோபாலுக்கு நாலைந்து பேர் இருந்தார்கள் என்பது பெரிய சிக்கலாக இருக்கக் கூடாது.

இனி, வீடு மாற்றுவது எப்படி நடந்தது என்று பார்ப்போம். கோபால் நிரலுக்கு நான்கு பிரிவுகள் உண்டு. பெயர் சொல்லும் அடையாளப் பிரிவு, எந்த இயந்திரம், எந்த நாடா என்று சொல்லும் சூழல் பிரிவு, கோப்பில் எந்தத் தகவல் எத்தனை எழுத்து என்று சொல்லும் தரவுப் பிரிவு, செய்ய வேண்டிய வேலையைச் சொல்லும் செயல்முறைப் பிரிவு. இதில் சூக்குமம் சூழல் பிரிவில் இருக்கிறது. இயந்திரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் விஷயங்களை ஒரே அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். வீடு மாறும்போது அந்த அறையை மட்டும் புதிதாக அமைத்தால் போதும், மற்ற மூன்றும் ஏறக்குறைய அப்படியே வரும் என்பது நம்பிக்கை.

நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது 1960 டிசம்பர் 6, 7 தேதிகளில். ஏறத்தாழ ஒரே கோபால் நிரல் ஆர்சிஏ 501இலும் யூனிவாக்-2இலும் ஓடியது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இரண்டு இயந்திரங்களின் உள்ளே பார்த்தால்தான் தெரியும். யூனிவாக் பெரும்பாலும் வெற்றிடக் குழாய்களால் ஆனது, ஆர்சிஏ 501 டிரான்சிஸ்டர்களால். யூனிவாக் எதையும் 12 எழுத்துள்ள பெட்டிகளில்தான் வைக்கும். மூன்றெழுத்துப் பெயரும் ஒரு பெட்டியை அடைத்துக்கொள்ளும், பதிமூன்று எழுத்துப் பெயருக்கு இரண்டு பெட்டி வேண்டும். ஆர்சிஏ 501க்குப் பெட்டிக் கணக்கே கிடையாது. பூச்சரத்தை வேண்டிய நீளத்துக்கு நறுக்கிக்கொள்வதுபோல அதற்கு எத்தனை எழுத்து நீளமும் சம்மதம். இவ்வளவு மாறுபட்ட இரண்டு வீடுகளில் ஒரே குடும்பம் குடியேறிச் சமைத்துச் சாப்பிட்டுக் காட்டியது.

இரண்டு நிறுவனங்களும் தங்கள் தங்கள் கம்பைலரைத் தனித்தனியாக எழுதியிருந்தன. அப்படியானால் கம்பைலரையே ஓர் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போக முடியாதா? முடியும், அதற்கு அழகான ஒரு வழியும் உண்டு. புது வீட்டில் தயிர் தோய்க்கப் பழைய வீட்டிலிருந்து ஒரு கரண்டி உறைமோர் எடுத்துப்போவோம் இல்லையா, அதுதான். கம்பைலரை அது மொழிபெயர்க்கும் மொழியிலேயே எழுதிவிட வேண்டும். பழைய இயந்திரத்தில் உட்கார்ந்தபடியே, அது புது இயந்திரத்துக்கான கட்டளைகளை வெளியிடும்படி திருத்த வேண்டும். பிறகு அந்தக் கம்பைலருக்குள் அதையே ஊட்டினால், புது இயந்திரத்தில் ஓடும் கம்பைலர் ஒன்று கையில் கிடைக்கும். அதை எடுத்துப்போய் அங்கே வைத்துவிட்டால் இனி பழைய வீட்டின் தயவு வேண்டாம். 1958 வாக்கில் சான் டியேகோ கடற்படை ஆய்வகத்தில் உருவான நெலியாக் இந்த முறையில் பல இயந்திரங்களுக்குப் பரவியது.

ஒரு நாள் ஓடிக் காட்டினால் போதாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் கம்பைலரில் நாலு சலுகைகளைச் சேர்த்து, 'எங்களிடம் மட்டும்தான் இது இருக்கிறது' என்று வாடிக்கையாளரைக் கட்டிப்போடப் பார்த்தது. சலுகையைப் பயன்படுத்திவிட்டால் பிறகு நிரல் அந்த வீட்டை விட்டு நகராது. 1966 முடிவில் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற ஹாப்பரை 1967இல் ஆறு மாதத்துக்கு என்று சொல்லித் திரும்ப அழைத்தார்கள். 1986 வரை இருந்தார். அங்கே அவருடைய குழு செய்தது கம்பைலர்களைச் சோதிப்பது. 'எங்களுடையது கோபால்தான்' என்று வரும் ஒவ்வொரு கம்பைலரையும் சோதனை நிரல்களில் போட்டு, விதிப்படி நடக்கிறதா என்று வரிவரியாகப் பார்ப்பது. ஹாப்பரின் வாழ்க்கையில் இந்தக் கட்டத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண், பெரிய கம்பெனிகளின் சரக்கை நிறுத்துப் பார்த்து, எடை குறைகிறது என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். பரிசளிப்பு விழாக்களில் சொல்லிக்கொள்ள இதில் கதை இல்லை. ஆனால் இந்தச் சோதனை இல்லாமல் பொதுமொழி என்பது காகிதத்தில்தான் இருந்திருக்கும்.

தரவுத்தளங்களின் கதையும் இதே தெருவில்தான் நடந்தது. தரவு எப்படி இருக்கிறது என்பதைச் செயல்முறையிலிருந்து பிரித்துத் தனியே எழுத வேண்டும் என்று கோபாலின் தரவுப் பிரிவு பழக்கப்படுத்தியிருந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் சார்லஸ் பாக்மன் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஐடிஎஸ் அந்த நிறுவனத்தின் கணினிகளில் மட்டும் ஓடும். டயர் கம்பெனியான பி.எஃப்.குட்ரிச் அதை ஐபிஎம் 360க்குக் கொண்டுவந்தது. ஐடிஎம்எஸ் என்று பெயர். 1973இல் கல்லினேன் நிறுவனம் அதை வாங்கி விற்கத் தொடங்கியது. கோபாலைப் பராமரித்த அதே அமைப்பின் தரவுத்தளக் குழு 1971இல் வெளியிட்ட அறிக்கை, இந்த வகைத் தரவுத்தளங்களுக்குப் பொது இலக்கணம் தந்தது. பத்தாண்டு கழித்து ஆரக்கிள் தன் தரவுத்தளத்தை 1983இல் சி மொழியில் திரும்ப எழுதியதும் இதே காரணத்துக்குத்தான். சி கம்பைலர் எங்கெல்லாம் குடியேறியிருக்கிறதோ அங்கெல்லாம் ஆரக்கிளும் பின்னாலேயே போகலாம்.

பாக்மனுக்கு 1973இல் டூரிங் விருது கிடைத்தது. தகுதியானவர், அதில் சந்தேகமில்லை. கணினித் துறையின் நோபல் என்று சொல்லும் அந்த விருது 1966இல் தொடங்கியது. ஒரு பெண்ணுக்குக் கிடைக்க 2006 ஆகவேண்டியிருந்தது. கம்பைலர்களைச் செம்மைப்படுத்தும் முறைகளுக்காக ஃபிரான்சிஸ் ஆலன் பெற்றார். ஹாப்பருக்கும் சாமெட்டுக்கும் ஹோல்பர்ட்டனுக்கும் அது கடைசிவரை கிடைக்கவில்லை.

நான் இந்த வேலையைச் செய்தது தொண்ணூறுகளின் இறுதியில், சென்னையில். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். வெளிநாட்டுக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றின் கோபால் நிரல்களையும் தரவுகளையும் ஐபிஎம் பெருங்கணினியிலிருந்து யூனிக்ஸுக்கு மாற்றும் பணி. வெளியிலிருந்து பார்த்தால், கோப்பை நகலெடுத்து நிரலைத் திரும்பக் கம்பைல் செய்தால் முடிந்தது என்று தோன்றும். பெருங்கணினி எழுத்துகளை எப்சிடிக் என்ற குறியீட்டில் வைக்கும், யூனிக்ஸ் ஆஸ்கியில். எழுத்துக்கு எழுத்து மாற்ற அட்டவணை இருக்கிறது. ஆனால் கோப்பில் எல்லாம் எழுத்தல்ல. இடத்தை மிச்சப்படுத்த இரண்டு இலக்கங்களை ஓர் எழுத்தின் இடத்தில் அடைத்துவைத்த தொகைகளும் உண்டு. எழுத்து என்று நினைத்து அவற்றையும் அட்டவணையில் போட்டால் பிரீமியம் தொகை குப்பையாகிவிடும். எனவே ஒவ்வொரு கோப்புக்கும் தரவுப் பிரிவை விரித்துவைத்துக்கொண்டு, இது எழுத்து, இது எண், இது அடைத்த எண் என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். 1959இல் அந்த ஆறு பேர் எழுதிவைத்த பிரிவுதான் எங்களுக்குக் கைவிளக்கு.

அதைவிட நுட்பமான தொல்லை வரிசை. எப்சிடிக்கில் வரிசைப்படுத்தினால் எழுத்துகள் முதலில், எண்கள் பின்னால். ஆஸ்கியில் எண்கள் முதலில். எழுத்தில் தொடங்கும் பாலிசி எண்களும் இலக்கத்தில் தொடங்கும் பாலிசி எண்களும் கலந்திருந்தன. பழைய வரிசையில் ஒரு கோப்பும் புது வரிசையில் ஒரு கோப்பும் வந்து, நிரல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், பணம் கட்டியவர் கட்டாதவராகிவிடுவார். எந்த இடத்திலும் பிழைச்செய்தி வராது, நிரல் சமர்த்தாக ஓடி முடியும். பழைய அறிக்கையையும் புது அறிக்கையையும் அச்சடித்து, அடிக்கோல் வைத்து வரிவரியாகப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த அடிக்கோல் வேலையில் நாங்கள் ஒன்பது பேர், எல்லோரும் பெண்கள். 'லேடீஸுக்குத்தான் இந்தப் பொறுமை வரும்' என்று மேலாளர் பாராட்டாகவே சொன்னார். மாற்றும் முறையை வகுத்த குழுவில் எல்லோரும் ஆண்கள். வருடக் கடைசி மதிப்பீட்டில் அவர்களுடையது 'வடிவமைப்பு', எங்களுடையது 'உதவிப்பணி'. பிழைகளைக் கண்டுபிடித்து, காரணத்தையும் சொல்லி, எப்படித் திருத்துவது என்று எழுதிக்கொடுத்தது நாங்கள்தான் என்று எங்களில் மூத்தவரான ஒரு அக்கா கூட்டத்திலேயே கேட்டார். 'அதெல்லாம் டீம் ஒர்க் மேடம்' என்று பதில் வந்தது. அக்கா அடுத்த ஆண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

பொறுமை என்ற அந்தச் சொல்லை 1967 ஏப்ரல் காஸ்மோபாலிட்டன் இதழைப் பற்றிப் படித்தபோது மீண்டும் சந்தித்தேன். 'கணினிப் பெண்கள்' என்ற கட்டுரை. நிரல் எழுதுவது விருந்துக்குத் திட்டமிடுவதைப் போன்றது, எதையும் முன்கூட்டியே யோசித்து வேண்டிய நேரத்தில் தயாராக வைத்திருக்க வேண்டும், அதனால் பொறுமையும் நுணுக்கமும் உள்ள பெண்களுக்கு இது இயல்பாக வரும் என்று அதில் ஹாப்பர் சொல்லியிருந்தார். பெண்களைத் துறைக்குள் இழுக்க அவர் எடுத்த தந்திரம் என்று புரிகிறது. நானும் மேலே உறைமோர் எடுத்தேன், வீடு மாற்றினேன். உவமை தப்பில்லை. சமையலறையில் திட்டமிடலுக்கு என்ன கூலியோ அதே கூலியை அலுவலகத்திலும் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறவர் கையில் அந்த உவமை போய்ச் சேர்கிறதே, அதுதான் வில்லங்கம்.

கோபால் செத்துவிட்டது என்று அடிக்கடி சொல்வார்கள். அதைப் பிறந்தபோதே சொன்னார்கள். 1959-60இல் குழுவின் இழுபறியில் சலித்துப்போன ஹோவர்ட் பிராம்பெர்க், கோபால் என்று பெயர் பொறித்த சலவைக்கல் கல்லறைக் கல்லை வாங்கி, முயற்சிக்குத் தலைமை தாங்கிய பாதுகாப்புத் துறை அதிகாரி சார்லஸ் பிலிப்ஸுக்கு அனுப்பிவைத்தார். கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் அந்தக் கல் இருக்கிறது.

2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தவர்கள் லட்சக்கணக்கில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, நியூஜெர்சி மாநில ஆளுநர் ஃபில் மர்ஃபி, கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று பொதுவில் வேண்டினார். உடனே ஊடகங்கள் அந்தப் பழைய மொழிதான் எல்லாத் தாமதத்துக்கும் காரணம் என்று எழுதின. பிரிட்டனின் பெண் நிரலாளர்கள் எப்படி ஓரங்கட்டப்பட்டார்கள் என்று 2017இல் புத்தகம் எழுதிய வரலாற்றாசிரியர் மார் ஹிக்ஸ், இதைத் தோண்டிப் பார்த்து எழுதினார். திணறியது பின்னால் இருந்த கோபால் நிரல் அல்ல, முன்னால் வைத்த புதிய இணையதளப் பகுதி என்பது அவருடைய வாதம். பழைய நிரலைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களைச் செலவு மிச்சம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு நிரலைக் குறைசொல்வது எப்படி என்று கேட்டார்.

ஓய்வுபெற்ற கோபால் நிரலாளர்களைத் தேவைப்படும் இடங்களுக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்று டெக்சாஸில் இருக்கிறது. அந்த வாரங்களில் அதைப் பற்றியும் செய்திகள் வந்தன. அதன் பெயர் கோபால் கவ்பாய்ஸ்.